மௌனம் இசைவாகுமா? அமெரிக்கத் தானியங்கித் தொலைபேசி விற்பனை அழைப்புச் சட்டத்தில் இசைவுக் கோட்பாட்டின் வரலாறு, 1991–2025

முன்னுரை

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். மறுத்துரைக்காதவர் உடன்பட்டவரே என்று கொள்ளும் இவ்வழக்கத்தைத் திருமணப் பேச்சிலும் சங்கக் கூட்டத் தீர்மானங்களிலும் இன்றும் காணலாம். முகம் பார்த்துப் பேசும் சூழலில் இவ்வழக்கத்திற்கு ஒரு நியாயம் உண்டு. எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பும் தயக்கமும் அவருடைய மௌனத்தின் பொருளை ஓரளவு உணர்த்திவிடும். ஆயின், இயந்திரம் ஒன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இல்லங்களை அழைத்து, முன்னரே பதிவு செய்யப்பட்ட குரலில் பொருள் விற்க முனையும்போது, அவ்வில்லத்தார் முன்கூட்டி மறுக்கவில்லை என்னும் ஒரே காரணத்தால் அவர்கள் இசைந்தவர் ஆவரா?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்டமன்றமும் ஆணையங்களும் நீதிமன்றங்களும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவிற்கு விடை தேடி வருகின்றன. 1991ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே அத்தேடலின் மையம். இக்கட்டுரை அச்சட்டத்தில் 'இசைவு' என்னும் சொல் பெற்ற பொருள்களை வரலாற்று நிரலில் ஆராய முற்படுகிறது. இசைவின் வரலாறு உண்மையில் மௌனத்தின் வரலாறே என்பதும், மௌனத்தை மறுப்பாகக் கொள்வதா உடன்பாடாகக் கொள்வதா என்பதைப் பொறுத்தே உழைப்பும் செலவும் அழைப்பவர்மீதோ அழைக்கப்படுபவர்மீதோ சுமத்தப்படுகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

சொல்லும் பொருளும்

ஆய்விற்குள் புகுமுன் கலைச்சொற்களை வரையறுத்துக் கொள்வது நலம். சம்மதம், ஒப்புதல், இசைவு, உடன்பாடு ஆகிய நான்கு சொற்களும் பேச்சு வழக்கில் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குகின்றன. சட்டத் தமிழில் இவற்றைப் பிரித்தாள்வது பயன் தரும். ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் அனுமதியை 'இசைவு' என்றும், இருவர் கொடுத்தும் பெற்றும் செய்துகொள்ளும் பிணைப்பை 'உடன்பாடு' என்றும் இக்கட்டுரை ஆள்கிறது. அளித்தவர் எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளத் தக்கது இசைவு. ஒருவர் மட்டும் தன் விருப்பப்படி முறிக்கவியலாதது உடன்பாடு. இவ்வேறுபாட்டின் இன்றியமையாமை பின்னர் நீதிமன்றத் தீர்ப்புகளை நோக்கும்போது விளங்கும்.

1991ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டுவது வெறும் இசைவன்று. முன்கூட்டிய, வெளிப்படையான இசைவு. 'முன்கூட்டிய' என்பதனால் அழைத்த பின்னர் பெறும் இசைவு செல்லாது. 'வெளிப்படையான' என்பதனால் குறிப்பால் உய்த்துணரும் இசைவு போதாது. இத்துணைக் கண்டிப்பான அடைமொழிகளைப் பெய்த சட்டமன்றம், அத்தொடருக்கு வரையறை எதனையும் வழங்காது விட்டுவிட்டது. பிற்காலச் சிக்கல்கள் பெரும்பாலானவற்றிற்கும் அவ்விடைவெளியே ஊற்றாக அமைந்தது எனலாம்.

கதவு மணியும் அஞ்சற்பெட்டியும்

தொலைபேசிக்கு முன்னரே இச்சிக்கல் வீட்டு வாசலில் தோன்றிவிட்டது. 1890இல் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் ஆகிய இருவரும் ஹார்வர்டு சட்ட ஆய்விதழில் எழுதிய கட்டுரை, தனித்து விடப்படுவதற்கான உரிமையைச் சட்ட உலகின் பேசுபொருளாக்கியது. அவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு காக்கப்பட வேண்டும் என்பதைப் பின்வந்த மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மூன்று விதமாகக் காட்டின.

முதலாவது, 1943ஆம் ஆண்டின் மார்ட்டின் எதிர் ஸ்ட்ரதர்ஸ் நகர் வழக்கு. ஒஹாயோ மாநிலத்து ஸ்ட்ரதர்ஸ் நகரம், துண்டறிக்கை வழங்குவோர் வீட்டுக் கதவு மணியை அடிப்பதற்குத் தடை விதித்திருந்தது. சமயக் கூட்டத்திற்கு அழைப்பு விடுத்த ஒருவர் இத்தடையால் தண்டிக்கப்பட்டார். நீதிமன்றம் தடையைச் செல்லாது என்று தீர்த்தது. வருவோரை ஏற்பதும் மறுப்பதும் வீட்டுக்காரரின் முடிவேயன்றி நகராட்சியின் முடிவன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். இங்கு, மறுப்பை அறிவிக்கும் கடமை வீட்டுக்காரருடையதாயிற்று.

இரண்டாவது, 1951ஆம் ஆண்டின் பிரியர்டு எதிர் அலெக்சாண்டிரியா நகர் வழக்கு. லூசியானா மாநிலத்து அலெக்சாண்டிரியாவில், வீட்டுக்காரரின் முன் அழைப்பின்றி விற்பனையாளர் வீடுதேடிச் செல்வது குற்றம். இதழ்ச் சந்தா விற்பவர் ஒருவர் இதனை எதிர்த்தார். நீதிமன்றம் இம்முறை நகரத்தின் பக்கம் நின்றது. வணிக நோக்கில் வருவோரைப் பொறுத்தவரை, வீட்டுக்காரரின் மௌனம் மறுப்பாகவே கொள்ளப்படலாம் என்பது இதனால் பெறப்பட்டது.

மூன்றாவது, 1970ஆம் ஆண்டின் ரோவன் எதிர் அமெரிக்க அஞ்சல் துறை வழக்கு. விரும்பாத விளம்பர அஞ்சலைத் தமக்கு அனுப்பலாகாது என்று அஞ்சல் துறை வாயிலாக ஆணை பெறும் உரிமையை வீட்டுக்காரருக்கு வழங்கிய சட்டத்தை நீதிமன்றம் ஏற்றது. தன் கருத்தை, அதனைக் கேட்க விரும்பாதவர் வீட்டிற்குள் திணிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பது நிலைபெற்றது. ஆயினும், இங்கும் மறுப்பவரே முதலில் எழுத வேண்டியிருந்தது. மௌனத்திற்கு இருவேறு பொருள் கொள்ளும் இம்மரபுகளே பின்னர்த் தொலைபேசிச் சட்டத்தில் ஒன்றோடொன்று மோதின.

1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் தோற்றம்

1984ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அமெரிக்கத் தொலைபேசித் துறையில் ஏகபோகம் செலுத்திய ஏடி அண்டு டி நிறுவனம் பிரிக்கப்பட்டது. நெடுந்தொலைவு அழைப்புகளுக்கான போட்டி பெருகிக் கட்டணம் குறைந்தது. அதே காலத்தில் கணினியின் விலையும் வீழ்ந்தது. எண்களைத் தானே அழைத்துப் பதிவுக்குரலை ஒலிக்கச் செய்யும் கருவிகள் சிறு வணிகருக்கும் எட்டின. வீடுதேடிச் செல்லும் விற்பனையாளர் ஒருவர் ஒரு நாளில் தட்டக்கூடிய கதவுகளுக்கு எல்லை உண்டு. அவருடைய களைப்பே வீட்டுக்காரர்களுக்கு ஒரு காப்பாக இருந்தது. இயந்திரம் அக்காப்பை நீக்கியது.

சட்டத்தின் முகப்பில் சட்டமன்றம் பதிவு செய்துள்ள கண்டறிவுகள் இதன் அளவை உணர்த்துகின்றன. 30,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொலைபேசிவழி விற்பனையில் ஈடுபட்டிருந்தன. 300,000க்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் நாள்தோறும் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கரை அழைத்தனர். 1990ஆம் ஆண்டில் இவ்வழி நடந்த விற்பனை 43,500 கோடி அமெரிக்க டாலர். இது 1984ஆம் ஆண்டைப்போல் நான்கு மடங்கிற்கும் அதிகம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றியிருந்தும், மாநில எல்லைக்கு அப்பாலிருந்து அழைப்போரை அவற்றால் கட்டுப்படுத்த இயலவில்லை. கூட்டரசுச் சட்டத்தின் தேவைக்கு இதுவே உடனடிக் காரணமாயிற்று.

தென் கரோலினாவின் மேலவை உறுப்பினர் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் இச்சட்டத்தை முன்னின்று நடத்தினார். கணினி அழைப்புகளை நவீன நாகரிகத்தின் சாபக்கேடு என்னும் பொருள்பட அவர் அவையில் சாடினார். 1991 டிசம்பர் 20ஆம் நாள் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஒப்பமிட, சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் மனிதர் பேசும் அழைப்பையும் இயந்திர அழைப்பையும் வேறுபடுத்தியது. மனிதர் நேரில் பேசும் விற்பனை அழைப்பை மறுக்கும் வழிமுறைகளை வகுக்குமாறு கூட்டரசுத் தொடர்பு ஆணையத்தைப் பணித்தது; அங்கு மௌனம் உடன்பாடாகவே நின்றது. இல்லத் தொலைபேசிக்குச் செயற்கைக் குரலிலோ பதிவுக்குரலிலோ அழைப்பதற்கு, ஆணையம் விலக்களித்த வகைகள் நீங்கலாக, முன்கூட்டிய வெளிப்படையான இசைவு வேண்டும் என்றது. மருத்துவமனை அறைகள், அவசர உதவி எண்கள், கைத்தொலைபேசிகள் ஆகியவற்றிற்குத் தானியங்கிக் கருவியால் அழைப்பதற்கும் அவ்வாறே இசைவு வேண்டும் என்றது. கைத்தொலைபேசியில் அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் செலுத்திய காலம் அது. ஆக, இயந்திரத்தின் முன் மௌனம் மறுப்பாயிற்று. மீறிய ஒவ்வோர் அழைப்பிற்கும் 500 டாலர், தெரிந்தே மீறினால் 1,500 டாலர் வரை இழப்பீடு பெறத் தனிமனிதரே வழக்குத் தொடுக்கவும் சட்டம் இடமளித்தது.

எண் கொடுத்தவர் இசைந்தவரா?

1992இல் தொடர்பு ஆணையம் வகுத்த விதிகள் சட்டத்தின் கண்டிப்பைத் தளர்த்தின. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் விற்பனை அழைப்புக் கூடாது என்று விதித்த ஆணையம், தன் தொலைபேசி எண்ணைத் தெரிந்தே ஒருவருக்குக் கொடுப்பவர், மாறாக அறிவுறுத்தாத வரையில், அவ்வெண்ணில் அழைக்கப்பட இசைந்தவரே என்று விளக்கியது. மேலும், ஏற்கெனவே வணிகத் தொடர்பு உள்ள வாடிக்கையாளரின் இல்லத்திற்குப் பதிவுக்குரலில் அழைக்க இசைவே தேவையில்லை என்றும் விலக்களித்தது. நாடு தழுவிய மறுப்போர் பதிவேட்டை அமைக்கச் சட்டம் இடமளித்திருந்தும், ஆணையம் அவ்வழியை மேற்கொள்ளாமல், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தால் போதும் என்று முடிவு செய்தது.

இவ்விளக்கத்தின் விளைவை எண்ணிப் பார்த்தல் தகும். கடையில் பொருளைப் பழுது பார்க்கக் கொடுப்பவர், பணி முடிந்ததும் தெரிவிப்பதற்காகத் தன் எண்ணை எழுதித் தருகிறார். ஒரு நோக்கத்திற்காகத் தரப்பட்ட அவ்வெண், வேறு நோக்கத்திற்கும் இசைவாகக் கொள்ளப்படும் வாய்ப்பு இதனால் திறந்தது. 'வெளிப்படையான' என்னும் சொல் சட்டத்தில் இருந்தது. நடைமுறையில் குறிப்பால் உணரும் இசைவு அதனிடத்தில் அமர்ந்தது. 2008இலும் ஆணையம், கடன் விண்ணப்பத்தில் கைத்தொலைபேசி எண்ணை எழுதுவது, அக்கடன் தொடர்பான தானியங்கி அழைப்புகளுக்கு இசைவாகும் என்று அறிவித்தது.

சட்டத்தின் அடிப்படையும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. பேச்சுரிமையை இச்சட்டம் மீறுகிறது என்று 1993இல் ஆரிகன் மாநிலத்துக் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. 1995இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, இல்லத்தின் அமைதியைக் காக்கும் நோக்கில் இயந்திர அழைப்புகளைக் கட்டுப்படுத்துவது செல்லும் என்றது.

பதிவேடும் எழுத்தும்

நிறுவனந்தோறும் தனித்தனியே மறுப்புச் சொல்லும் முறை பயன்தரவில்லை. 2003 சூன் 27ஆம் நாள் கூட்டரசு வணிக ஆணையம் தேசிய 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டைத் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓக்லஹோமாவிலிருந்த கூட்டரசு நீதிமன்றம், இப்பதிவேட்டை அமைக்க ஆணையத்திற்கு அதிகாரம் இல்லை என்றது. சட்டமன்றத்தின் இரு அவைகளும் இரண்டே நாள்களில் அவ்வதிகாரத்தை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றின. 2004இல் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவேடு அரசமைப்பிற்கு உடன்பட்டதே என்று உறுதி செய்தபோது, 5 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அதில் இடம்பெற்றிருந்தன.

பதிவேடு பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும், கோட்பாட்டு நோக்கில் அது ரோவன் வழக்கின் வழிவந்தது. மறுப்பவரே முயன்று மறுப்பைப் பதிய வேண்டும். தொடக்கத்தில் அம்மறுப்பும் ஐந்தாண்டுகளில் காலாவதியாகும் நிலை இருந்தது. 2008இல்தான் சட்டத் திருத்தத்தால் அது நிலையானதாயிற்று. கடைசியாகப் பொருள் வாங்கிய 18 மாதங்கள் வரையிலும், விசாரித்த 3 மாதங்கள் வரையிலும் அந்நிறுவனம் அழைக்கலாம் என்ற விலக்கும் இருந்தது.

மாற்றம் இயந்திர அழைப்புகளிலிருந்தே வந்தது. 2008இல் வணிக ஆணையம் தன் விதிகளைத் திருத்தி, 2009 செப்டம்பர் 1 முதல் பதிவுக்குரல் விற்பனை அழைப்புகளுக்கு எழுத்து வடிவ இசைவு வேண்டும் என்றது. தொடர்பு ஆணையம் 2012 பிப்ரவரியில் அதனைப் பின்பற்றியது. 2013 அக்டோபர் 16 முதல், விற்பனை நோக்கிலான தானியங்கி அழைப்பிற்கும் பதிவுக்குரல் அழைப்பிற்கும் கையொப்பமிட்ட எழுத்து இசைவு கட்டாயமாயிற்று. மின்கையொப்பமும் ஏற்கத்தக்கதே. எவ்வகை அழைப்பிற்கு இசைகிறார் என்பது தெளிவாகப் புலப்பட வேண்டும். இசைந்தால்தான் பொருள் விற்போம் என்று நிபந்தனை விதிக்கலாகாது. ஏற்கெனவே நிலவும் வணிகத் தொடர்பு இனி இசைவாகாது. இருபது ஆண்டுகளுக்கு முன் தளர்ந்த 'வெளிப்படையான' என்னும் சொல் இதனால் மீண்டும் வலுப்பெற்றது. விற்பனை நோக்கமில்லாத அறிவிப்பு அழைப்புகளுக்கு வாய்மொழி இசைவே போதும் என்ற நிலை தொடர்ந்தது.

இம்மாற்றத்தின் கூர்மையை விசாலஸ் நிறுவனத்தின் வழக்கு உணர்த்தும். 2019 ஏப்ரலில் ஆரிகனில் அறங்கூறாயம், அந்நிறுவனம் உரிய இசைவின்றி 1,850,440 பதிவுக்குரல் அழைப்புகள் விடுத்ததாக முடிவு செய்தது. அழைப்புக்கு 500 டாலர் என்னும் கணக்கில் இழப்பீடு 92 கோடியே 50 இலட்சம் டாலரைத் தாண்டியது. வாடிக்கையாளர் எண் கொடுத்தனரே என்பது பழைய விதியின்கீழ் வலுவான வாதமாக இருந்திருக்கும். புதிய விதி எழுத்தைக் கேட்டது. தீர்ப்பிற்குப் பின்னர் 2019 சூனில் தொடர்பு ஆணையம் அந்நிறுவனத்திற்கு எழுத்து விதியிலிருந்து பின்னோக்கிய விலக்கு அளித்தும், நிறுவனம் அவ்வாதத்தை உரிய காலத்தில் முன்வைக்கவில்லை என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பை உறுதி செய்து, இழப்பீட்டுத் தொகை அரசமைப்பு நோக்கில் மிகையா என்பதை மறு ஆய்விற்கு அனுப்பியது. சிறு தொகையும் பேரெண்ணிக்கையும் சேரும்போது தண்டனை குற்றத்தினும் பெரிதாகிவிடக்கூடும் என்னும் வணிகர் தரப்பு வாதத்தையும் இங்கு ஒதுக்குவதற்கில்லை.

கொடுத்த இசைவை மீட்டல்

கொடுத்த இசைவை மீட்கலாமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. முன்னர்க் குறிப்பிட்ட இசைவு, உடன்பாடு என்னும் வேறுபாடு இங்குதான் முனைப்பாக வெளிப்படுகிறது. 2013இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இசைவு என்பது இயல்பிலேயே மீட்கத்தக்கது என்று தீர்த்தது. 2015இல் தொடர்பு ஆணையம், நியாயமான எவ்வழியிலும் இசைவை மீட்கலாம் என்று அறிவித்தது. 2017இல் இரண்டாம் வட்டார நீதிமன்றமோ, வாகனக் குத்தகை ஒப்பந்தத்தின் ஒரு கூறாக அளித்த இசைவு உடன்பாட்டின் பகுதியாகிவிட்டதால் ஒருதலையாக மீட்கவியலாது என்றது. ஒரே சொல், அது தனித்தாளில் இருந்தால் அனுமதி, ஒப்பந்தத் தாளில் இருந்தால் கட்டு. சாதாரண மக்கள் கையொப்பமிடும்போது இவ்வேறுபாட்டை அறிந்திருப்பர் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 2024இல் வகுக்கப்பட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி, மீட்புக் கோரிக்கையைப் பத்து வேலை நாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று காலவரையறை செய்தது.

அண்மைத் தீர்ப்புகளும் பொருள் கூறும் அதிகாரமும்

2021 ஏப்ரல் முதல் நாள் பேஸ்புக் நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தானியங்கிக் கருவியின் வரையறையைச் சுருக்கியது. எண்களைத் தற்போக்காகவோ வரிசையாகவோ தோற்றுவிக்கும் திறன் பயன்பட்டால்தான் அது சட்டம் கூறும் கருவியாகும் என்றது. சேகரித்த பட்டியலிலிருந்து மட்டும் அழைக்கும் கருவிகள் பல இதனால் இசைவு விதிக்கு வெளியே சென்றன. பதிவுக்குரலுக்கும் செயற்கைக் குரலுக்குமான கட்டுப்பாடு மட்டும் குறையாமல் நின்றது. 2024 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படும் குரலும் சட்டம் கூறும் செயற்கைக் குரலே என்று தொடர்பு ஆணையம் அறிவித்தது. அதற்கு முந்திய மாதம் நியூ ஹாம்ப்ஷயர் மாநில முதற்கட்டத் தேர்தலின்போது அதிபர் பைடனின் குரலைப் போலியாக்கிய அழைப்புகள் பரவியிருந்தன. 1991இல் எழுதப்பட்ட சொல் 2024இன் கருவிக்கும் பொருந்தியது குறிப்பிடத்தக்கது.

வேறொரு முயற்சி தோல்வியுற்றது. விலை ஒப்பீட்டு இணையத்தளங்களில் ஒருவர் ஒரே சொடுக்கில் இசைவளிக்க, அவ்விசைவு பெயரறியா வணிகப் பங்காளிகள் பலருக்கும் விற்கப்படும் நடைமுறை பெருகியிருந்தது. ஒரு விற்பனையாளருக்கு ஓர் இசைவு என்னும் விதியை ஆணையம் 2023 டிசம்பரில் வகுத்தது. 2025 சனவரி 27இல் அது நடைமுறைக்கு வர இருந்தது. சனவரி 24ஆம் நாள் பதினோராம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 'முன்கூட்டிய வெளிப்படையான இசைவு' என்பதன் பொது வழக்குப் பொருளுக்கு மேல் ஆணையம் நிபந்தனை கூட்டவியலாது என்று அவ்விதியை நீக்கியது.

2025 சூன் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மெக்லாலின் எதிர் மெக்கெசன் வழக்கில் மேலும் ஒரு படி சென்றது. இச்சட்டத்திற்கு ஆணையம் கூறும் விளக்கம் மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டாது. அவை ஆணையத்தின் கருத்திற்கு உரிய மதிப்பளித்துத் தாமே பொருள் காண வேண்டும் என்று அறுவர் மூவர் என்னும் பெரும்பான்மையில் தீர்த்தது. வழக்கு தொலைநகல் விளம்பரம் பற்றியது. விளைவு சட்டம் முழுமைக்குமானது. 1992இன் தளர்ந்த விளக்கம், 2012இன் எழுத்து விதி ஆகிய இரண்டுமே ஆணையத்தின் கைவண்ணம் என்பதால், இரண்டையும் நீதிமன்றங்கள் புதிதாக வினவுவதற்கு வழி திறந்துள்ளது. வரையறை தராது விட்ட 1991ஆம் ஆண்டு இடைவெளிக்கு அமெரிக்கச் சட்டம் மீண்டும் திரும்பியுள்ளது எனலாம்.

சட்டத்தின் எல்லையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. இசைவு விதி, முகவரியுள்ள நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். எண்ணை மறைத்து அழைக்கும் மோசடிக்காரர் இசைவைத் தேடுவதில்லை. அதனால்தான் 2019 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், அழைப்பெண்ணின் உண்மையைச் சரிபார்க்கும் தொழில்நுட்பத்தைத் தொலைபேசி நிறுவனங்கள்மீது சுமத்தியது. பெரிய நிறுவனங்களுக்கு 2021 சூன் 30 கெடுவாயிற்று.

சிங்கப்பூரும் மலேசியாவும்

இவ்வட்டாரத்துச் சட்டங்களும் இதே வினாவிற்குத் தத்தம் விடையைத் தந்துள்ளன. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 'அழைக்க வேண்டாம்' விதிகள் 2014 சனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தன. குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் ஆகியவற்றிற்குத் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. பதிந்தவரை அழைக்க வேண்டுமாயின், தெளிவான, ஐயத்திற்கிடமற்ற இசைவு எழுத்திலோ பின்னர் எடுத்துப் பார்க்கத்தக்க வேறு வடிவிலோ இருத்தல் வேண்டும். ஆயினும், விதிகள் தொடங்குவதற்குச் சில நாள்களே இருந்தபோது, 2013 டிசம்பர் இறுதியில், தொடர்ந்த வணிகத் தொடர்புள்ள வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியும் தொலைநகலும் அனுப்ப விலக்கு அளிக்கப்பட்டது. அமெரிக்க ஆணையம் 2012இல் கைவிட்ட விலக்கின் சாயல் இதில் தெரிகிறது. குரல் அழைப்பிற்கு அவ்விலக்குத் தரப்படவில்லை.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. தரவைக் கையாள்வதற்கு இசைவு வேண்டும் என்பது அதன் பொதுவிதி. நேரடி விற்பனைக்காகத் தன் தரவைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு கோரும் உரிமையை 43ஆம் பிரிவு வழங்குகிறது. அக்கோரிக்கை எழுத்தில் அமைய வேண்டும். அமெரிக்காவின் 2012ஆம் ஆண்டு விதியில் எழுத்தை வைத்திருக்க வேண்டியவர் அழைப்பவர். மலேசியச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் எழுத வேண்டியவர் அழைக்கப்படுபவர். எழுத்து என்னும் ஒரே கருவி இரு நாடுகளில் இரு வேறு தோள்களில் சுமையாவதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

தமிழாசிரியர் கவனத்திற்குரிய செய்தி ஒன்றும் உண்டு. இசைவு பெறுமுன் தரவேண்டிய அறிவிப்பு, மலேசியச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அமைதல் வேண்டும். தமிழில் தரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தோட்டப்புறத்தில் தமிழ் மட்டும் பயின்று வளர்ந்த முதியவர் ஒருவர் கையொப்பமிடும் படிவத்தில் 'வெளிப்படையான' இசைவு உள்ளது என்று கூறுவது எவ்வளவு பொருந்தும்? படிக்கவியலாத எழுத்தின்கீழ் இட்ட கையொப்பமும் ஒருவகை மௌனமே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, இசைவு என்னும் கோட்பாடு காலந்தோறும் தளர்ந்தும் இறுகியும் வந்துள்ளது. 1991இல் இறுகி, 1992இல் தளர்ந்து, 2012இல் மீண்டும் இறுகி, 2021க்குப் பின்னர்ப் பல முனைகளில் தளர்ந்துள்ளது. நேர்க்கோட்டு முன்னேற்றம் இதில் இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு மாற்றமும் மௌனத்தின் பொருளை மாற்றியதன் வாயிலாகவே நிகழ்ந்தது. எண் கொடுத்துவிட்டுப் பேசாதிருப்பவர் இசைந்தவர் என்றபோது சுமை மக்களிடம் இருந்தது; எழுத்து இல்லையெனில் இசைவு இல்லை என்றபோது அது நிறுவனத்திடம் சென்றது. மூன்றாவது, சட்டத்தின் சொல் மாறாதிருக்கவும், அதற்குப் பொருள் கூறும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே நடைமுறையை முடிவு செய்தது.

மெலியோரின் நோக்கிலிருந்து பார்ப்பின், இம்மூன்றனுள் இரண்டாவதே தலையாயது. நோயாளரும் முதியவரும் மொழியறியாதவரும் மறுப்பைப் பதிவேட்டில் ஏற்றவும் கடிதம் எழுதவும் எளிதில் முற்படார். அவர்களுடைய மௌனத்தை மறுப்பாகக் கொள்ளும் சட்டமே அவர்களைக் காக்கும். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் தொடர், ஒருவரையொருவர் அறிந்த மனிதரிடையே வழங்கலாம். இயந்திரத்திற்கு முன் அது செல்லாது என்பதே 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடுவணான கருத்து. அதனைப் பேணுவதும் கைவிடுவதும் இனி அமெரிக்க நீதிமன்றங்களின் பொறுப்பாகும். இங்குள்ள படிவங்களில் அது எந்த மொழியில் எழுதப்பட வேண்டும் என்பதைக் கேட்பது நம் பொறுப்பாகும்.